வாயில்லாத் தோழர்களின் நினைவில்

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் நம் பங்குகளின் கல்லறைத் தோட்டங்கள் புதுப்பொலிவு பெறுகின்றன. புல் செதுக்கப்படுகிறது, சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு பூசப்படுகிறது, கல்லறைத் திருநாளன்று மாலையில் மெழுகுதிரிகளின் ஒளியில் ஒவ்வொரு குடும்பமும் தன் முன்னோரின் பெயரைச் சொல்லிச் செபிக்கிறது. இறந்தோரை மறவாதிருத்தல் நம் திருச்சபை நமக்குக் கற்றுத்தந்த நல்ல பழக்கங்களுள் ஒன்று.

இந்த மாதத்தில் இன்னொரு கூட்டத்தாரையும் சற்று நினைத்துப் பார்க்க விரும்புகிறோம். அவர்களுக்குத் திருமுழுக்குப் பெயரில்லை. பெரும்பாலோருக்குக் கல்லறையும் இல்லை. பனிக்கடியிலும் இடிபாட்டுக்கடியிலும் சிக்கிய மனிதரைத் தேடித்தேடி உழைத்து மாண்ட மீட்பு நாய்களையே குறிப்பிடுகிறோம். "நாய்க்கென்ன நினைவு நாள்?" என்று வாசகர் சிலர் புருவத்தை உயர்த்தலாம். அக்கேள்வி நியாயமானதே. அதற்குப் பின்னர் வருவோம்.

சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையே ஆல்ப்ஸ் மலைத்தொடரில், கடல் மட்டத்திற்கு மேல் 2,469 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாய் இருக்கிறது. உரோமைக்குத் திருப்பயணம் சென்றோரும் வணிகரும் போர்வீரரும் பன்னெடுங்காலம் நடந்த பாதை அது. ஆண்டின் பெரும்பகுதி பனி மூடிக் கிடக்கும். வழி தவறினால் மரணம் நிச்சயம். 11-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆவோஸ்தா நகரின் தலைமைத் திருத்தொண்டராயிருந்த புனித பெர்னார்டு, அக்கணவாயின் உச்சியில் வழிப்போக்கருக்கென ஒரு விடுதி மடத்தை நிறுவினார். புனித அகுஸ்தீனாரின் ஒழுங்கைப் பின்பற்றும் துறவியர் இன்றளவும் அங்கு வாழ்கின்றனர். அப்புனிதரின் பெயராலேயே கணவாயும் அழைக்கப்படுகிறது. பின்னாளில் நாயினமும் அப்பெயரையே பெற்றது. மலையேறுவதில் தாமே வல்லவராயிருந்த திருத்தந்தை 11-ஆம் பயஸ், 1923-ஆம் ஆண்டு அவரை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார்.

மடத்தில் நாய்கள் வளர்க்கப்பட்டது 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கியது என்பர். முதலில் அவை காவலுக்கே இருந்தன. காலப்போக்கில் துறவியர் ஓர் உண்மையைக் கண்டுகொண்டனர். மூடுபனியில் மனிதக் கண் தன் கையையும் காணமாட்டாத வேளையிலும் நாய் பாதையை அறிந்தது. பனிக்கடியில் புதையுண்டவனின் வாடையை அது மேலிருந்தே உணர்ந்தது. அன்றுமுதல் மடத்தின் வழிகாட்டிகள் பயணியரை எதிர்கொள்ளச் செல்லும்போது நாய்களையும் உடன் அழைத்துச் சென்றனர். பனிச்சரிவில் புதைந்தவர் பிழைப்பது நிமிடக் கணக்கைப் பொறுத்தது. பலர் கோல் கொண்டு குத்திக் குத்தித் தேடவேண்டிய பரப்பை நாயொன்று ஓடி முகர்ந்து விரைவில் முடித்துவிடும். ஏறத்தாழ 200 ஆண்டுகளில் 2,000 பேர்வரை அந்நாய்களால் காக்கப்பட்டனர் என்று கூறப்படுகிறது.

அவற்றுள் புகழ்பெற்றது பாரி என்னும் நாய். 1800-ஆம் ஆண்டு பிறந்தது. அவ்வாண்டின் வசந்த காலத்திலேதான் நெப்போலியனின் படை அக்கணவாயைக் கடந்து இத்தாலிக்குள் இறங்கியது. பாரி தன் வாழ்நாளில் 40-க்கும் மேற்பட்டோரைக் காத்தது என்பது வழிவழி வரும் செய்தி. முதுமையால் தளர்ந்தபோது, 1812-இல் அதனைப் பெர்ன் நகருக்குக் கொண்டு சென்றனர். அங்கு இரண்டாண்டுகள் ஓய்வில் வாழ்ந்து 1814-இல் அமைதியாக இறந்தது. அதன் உடல் பாடம் செய்யப்பட்டுப் பெர்ன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

உண்மை இவ்வளவே. ஆனால் மனிதருக்கு இது போதவில்லை. பனியில் உறைந்து கிடந்த குழந்தையொன்றை நக்கிச் சூடேற்றித் தன் முதுகில் சுமந்து வந்தது என்றனர். நாற்பது பேரைக் காத்தபின், நாற்பத்தோராவது மனிதன் அதனை ஓநாயென்று எண்ணிக் கத்தியால் குத்திவிட்டான் என்றனர். பாரிஸ் மாநகரை அடுத்த ஆனியேர் என்னுமிடத்தில் 1899-இல் திறக்கப்பட்ட நாய்களின் கல்லறைத் தோட்டத்து வாயிலில், முதுகில் குழந்தையுடன் பாரிக்கு நினைவுச் சின்னமே எழுப்பி, அந்தக் கொலைக் கதையைக் கல்லிலும் பொறித்துவிட்டனர். ஓய்வில் மூப்படைந்து இறந்த நாய், கதையில் வேத சாட்சியாகிவிட்டது!

கழுத்தில் தொங்கும் சாராயப் பீப்பாயின் கதையும் இத்தகையதே. எட்வின் லாண்ட்சீர் என்னும் ஆங்கில ஓவியர் 1820-இல், தம் இளமையில் தீட்டிய படமொன்றில் நாயின் கழுத்தில் சிறு பீப்பாயை வரைந்தார். அன்றிலிருந்து பீப்பாயில்லாத புனித பெர்னார்டு நாயை உலகம் ஏற்க மறுக்கிறது. நாய்கள் அவ்வாறு சாராயம் சுமந்து மீட்புக்குச் சென்றதற்குச் சான்றில்லை. குளிரில் விறைத்தவருக்கு மது ஊட்டினால் தோலுக்கு இரத்தம் மிகுதியாகப் பாய்ந்து, உடலின் எஞ்சிய வெப்பமும் வெளியேறிவிடும் என்பதே மருத்துவ உண்மை.

அருங்காட்சியகத்தில் நின்ற பாரியையும் மனிதர் விட்டுவைக்கவில்லை. முதலில் அது தலையைத் தாழ்த்தி, பணியாளனின் பணிவோடு நிற்கும் கோலத்தில் அமைக்கப்பட்டிருந்தது. 1923-இல் அதனைச் செப்பனிட்டவர்கள் தலையை நிமிர்த்தி, அக்கால மக்கள் எதிர்பார்த்த வீரத் தோற்றத்தைத் தந்துவிட்டனர்.

இவற்றைக் குறை கூறுவதற்காகச் சொல்லவில்லை. அன்பு மிகும்போது மனிதர் மிகைப்படுத்திப் பேசுவது இயல்பு. ஆயினும், பாரி செய்ததாகச் சொல்லப்படாத வேலையை, அதாவது ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் வழிகாட்டியோடு புறப்பட்டு, எவரையும் காணாமல் மாலையில் வெறுமனே திரும்பிய அந்தச் சாதாரண நடையை, யார் நினைக்கிறார்கள்? அதுவன்றோ அதன் வாழ்வின் பெரும்பகுதி? 1816-க்கும் 1818-க்கும் இடைப்பட்ட கொடிய குளிர்காலங்களில் மடத்து நாய்கள் பல, பணியிலேயே பனிச்சரிவில் மாண்டன. அவற்றின் பெயர்கள் நமக்கு வந்து சேரவில்லை.

நம் காலத்து நாய்களுக்கு வருவோம். 2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தகர்ந்தபோது, ஏறத்தாழ 300 நாய்கள் தேடும் பணியில் ஈடுபடுத்தப்பட்டன. அவற்றுள் டெக்சாஸ் மாநிலத்திலிருந்து வந்த பிரிட்டனி என்னும் பொன்னிற நாய்க்கு அப்போது இரண்டு வயது. அதற்கு அதுவே முதற் பணி. இரண்டாம் நாளுக்குப் பின் அந்த இடிபாட்டில் உயிருடன் எவரும் அகப்படவில்லை. உயிருள்ளவரைக் கண்டுபிடித்தால் பாராட்டும் விளையாட்டுப் பொருளும் பெறுவது என்றே பழக்கப்பட்டவை அந்நாய்கள். நாள் முழுதும் முகர்ந்தும் ஒருவரும் கிடைக்காததால் அவை சோர்ந்து போயின. அப்போது அவற்றின் பயிற்சியாளர்கள் ஓர் உபாயம் செய்தனர். தங்களுள் ஒருவரை இடிபாட்டில் ஒளிந்திருக்கச் செய்து, நாய் அவரைக் கண்டுபிடிக்குமாறு விட்டனர். கண்டுபிடித்த நாய் வாலைக் குழைத்துத் துள்ளியது. மீண்டும் வேலைக்குச் சென்றது.

இச்செய்தியை முதன்முதல் அறிந்தபோது எங்கள் வீட்டில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. ஆயிரக்கணக்கானோர் மாண்ட இடத்தில், துயரத்தால் தாமே நொறுங்கியிருந்த மனிதர், ஒரு நாயின் மனம் தளரக்கூடாதென்று ஒளிந்து விளையாடினார்களே!

பிரிட்டனி பின்னர் 2005-இல் காத்ரினா புயலழிவிலும் பணியாற்றியது. ஓய்வு பெற்றபின், வாசிக்கத் தயங்கும் பள்ளிச் சிறுவர்களின் அருகில் அமர்ந்து அவர்கள் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தது. தவறாகப் படித்தாலும் அது திருத்தாது, சிரிக்காது. 2016-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள், 16 வயதில், கால்நடை மருத்துவமனைக்குள் தன் இறுதி நடையை நடந்தபோது தீயணைப்பு வீரர்கள் இருபுறமும் அணிவகுத்து வணக்கம் செலுத்தினர்.

மெக்சிகோ நாட்டுக் கடற்படையின் பிரிடா என்னும் நாயைப் பலர் படத்தில் பார்த்திருக்கலாம். கண்ணுக்குக் கண்ணாடியும் காலுக்கு உறையும் அணிந்து, 2017-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தின்போது உலகப் புகழ் பெற்றது. 2022-ஆம் ஆண்டு இதே நவம்பர் மாதம் 15-ஆம் நாள் அது இறந்தது. அதன் பணிக்காலக் கணக்கைப் பாருங்கள்: உயிருடன் மீட்க உதவியது 12 பேரை, கண்டுபிடித்துக் கொடுத்த உடல்களோ 40-க்கும் மேல். செய்தித்தாள்கள் முதற் கணக்கையே பெரிதாகப் போட்டன. நம் குடும்பங்களுக்கு இரண்டாவது கணக்கின் பொருளும் தெரியும். இறந்தோரை அடக்கம் செய்தல் இரக்கச் செயல்களுள் ஒன்றென்று ஞானோபதேசத்தில் படித்தவர்கள் நாம். கடலில் காணாமற்போன மகனின் உடல் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் கதவைத் தாழிடாமல் காத்திருக்கும் தாயரை நம் கடற்கரைப் பங்குகள் அறியும். அழுவதற்கும் அடக்குவதற்கும் ஓர் உடலைத் தேடித் தருவது சிறிய உதவியன்று.

2023-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள் துருக்கியையும் சிரியாவையும் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. நம் நாட்டின் பேரிடர் மீட்புப் படையினர் தம் நாய்களோடு அங்கு விரைந்தனர்; ஆறு வயதுச் சிறுமியொருத்தி இடிபாட்டில் உயிரோடிருப்பதை ஜூலி என்னும் நாய் முகர்ந்து அறிந்து குரைத்தது. மெக்சிகோவிலிருந்து சென்ற நாய்களுள் புரோத்தியோ என்பது அப்பணியின்போதே அங்கு இறந்தது. அதன் நினைவாகத் துருக்கி மக்கள் மெக்சிகோவுக்கு ஒரு நாய்க்குட்டியை அனுப்பினர். அதற்கிட்ட பெயர் அர்க்கதாசு. துருக்கி மொழியில் 'நண்பன்' என்பது பொருள்.

இனி, புகழ் பெறாத ஒரு நாயைப் பற்றியும் சொல்லவேண்டும். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் இரவு சென்னையில் அடையாறு கரைபுரண்டபோது எங்கள் தெருவும் மூழ்கியது. மாடிப் படிக்கட்டில் நாங்களும், எங்களுக்கு இரண்டு படி கீழே தெருநாய் ஒன்றுமாக இரவைக் கழித்தோம். செம்பழுப்பு நிறம்; ஒரு காது மடிந்திருக்கும். அதுவரை எங்களைப் பார்த்தால் குரைப்பதைத் தவிர வேறு உறவு இல்லாத நாய். மறுநாள் கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவச் சகோதரர்கள் படகுகளோடு வந்தனர். எங்களை ஏற்றியபின், படகிலிருந்த இளைஞர் அந்த நாயையும் பிடரியைப் பற்றித் தூக்கி உள்ளே போட்டார். "எடம் இருக்கு ஐயா, அதுவும் வரட்டும்" என்றார். அவ்வளவுதான். வெள்ளம் வடிந்து வீடு திரும்பியபோது அதுவும் எங்களோடு திரும்பியது. நிறத்தைக் கொண்டு செவலை என்று அழைத்தோம்.

வீட்டுப் பிள்ளைகள் இன்று சொல்லும் கதை வேறு. செவலைதான் குரைத்துப் படகை எங்களிடம் அழைத்து வந்தது என்பார்கள். அப்படியொன்றும் நடக்கவில்லை. அது மழையில் நடுங்கியபடி வாய் திறவாமல் படுத்திருந்தது. எங்களைக் காத்தவர் பெயர் தெரியாத அந்த மீனவ இளைஞரே. பாரியின் கதையைப் படித்தபின்தான், எங்கள் வீட்டுக்குள்ளேயும் ஒரு கல்வெட்டு எழுதப்பட்டு வருவதை உணர்ந்தோம். பிள்ளைகளை அமர்த்தி, நடந்ததை நடந்தபடியே சொன்னோம். "அப்படியென்றால் செவலை எதுவுமே செய்யவில்லையா?" என்று சின்னவள் கேட்டாள்.

செய்தது. 2019-இல் எங்கள் தந்தையாருக்குப் பக்கவாதம் கண்டு வலக்கையும் பேச்சும் போயின. பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. அதற்குக் காரணம் பயிற்சியாளரின் உழைப்பும் தாயாரின் பொறுமையும். ஆனால் அந்த மாதங்களில் தந்தையார் வாய் திறக்கவே வெட்கப்பட்டார். வாழ்நாள் முழுதும் ஆலயத்தில் வாசகம் வாசித்தவர். ஒரு சொல் குழறினால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். நாங்கள் புரியாமல் விழிப்பதும், புரிந்ததுபோல் தலையசைப்பதும் இரண்டுமே அவருக்கு வேதனை தந்தன. கட்டிலுக்கடியில் படுத்திருந்த செவலையிடம் மட்டும் அவர் கூசாமல் பேசினார். "செ" என்பார், சில நாள் "தெ" என்பார், சில நாள் வெறும் ஒலிதான் வரும். எந்த ஒலி வந்தாலும் அது தன் பெயரென்றே கொண்டு எழுந்து வந்து அவர் கையில் முகத்தை வைத்தது. ஒரு முறைகூட வராமலிருந்ததில்லை.

சின்னவளுக்கு இதைத்தான் சொன்னோம். அவளுக்கு இது படகுக் கதையைவிடப் பிடித்திருந்ததா என்று தெரியவில்லை. ஆனால் இப்போது இதையே சொல்கிறாள்.

செவலை 2024-இல் சிறுநீரகம் பழுதுற்று இறந்தது. ஊரில் எங்கள் தோட்டத்து வேப்பமரத்தடியில் அடக்கினோம். தந்தையார் ஊன்றுகோலோடு நின்று, முதற் பிடி மண்ணை இடக்கையால் போட்டார். அப்போது உடனிருந்த பெரியப்பா, "மனிதருக்கே பூசை சொல்ல ஆளில்லாத காலத்தில் நாய்க்கு இவ்வளவு அழுகையா?" என்று கேட்டார். தொடக்கத்தில் வாசகர் கேட்கக்கூடுமென்று சொன்ன கேள்வியும் இதுவே.

பெரியப்பாவின் சொல்லில் உண்மை இருக்கிறது. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், விலங்குகள் கடவுளின் படைப்புகள் என்றும், மனிதர் அவற்றுக்குப் பரிவு காட்டக் கடமைப்பட்டவர் என்றும் கற்பிக்கிறது. அவற்றை நேசிக்கலாம், எனினும் மனிதருக்கு மட்டுமே உரிய அன்பை அவற்றுக்குத் திருப்பிவிடலாகாது, மனிதரின் துயர் துடைக்க முதலில் செல்லவேண்டிய பணத்தை அவற்றுக்குச் செலவிடுவதும் முறையன்று என்கிறது. ஆகவே நாங்கள் செவலைக்காகத் திருப்பலி கேட்கவில்லை. அதன் பெயரில் கல்லும் நாட்டவில்லை. ஆனால் கண்ணீரையும் நன்றியையும் அந்நூல் தடுக்கவில்லை.

திருநூலிலேயே இதற்கு அழகான இடமுண்டு. தோபித்து ஆகமத்தின் தந்தை, உயிருக்கு அஞ்சாமல் இறந்தோரை அடக்கம் செய்தவர். அவர் மகன் தொலைதூரம் பயணம் புறப்பட்டபோது, வானதூதர் இரபேலுடன் வீட்டு நாயும் நடந்ததென அந்நூல் ஒரு சொல்லில் குறிக்கிறது. அந்நாய் எந்த அற்புதமும் செய்யவில்லை. புறப்பட்டபோது உடன் சென்றது. திரும்பியபோது உடன் வந்தது. அவ்வளவுக்கே அதற்குத் திருநூலில் இடம் கிடைத்தது. கொள்ளைநோயால் காட்டில் தனித்துக் கிடந்த புனித ஆரோக்கியநாதருக்கு அப்பம் கொண்டுவந்த நாயையும், அவர் சுரூபத்தின் காலடியில் நாம் காண்கிறோம் அல்லவா?

பெரிய புனித பெர்னார்டு மடத்து நாய்களுக்கு இன்று பழைய வேலையில்லை. 1964-இல் கணவாய்க்கடியில் சுரங்கச் சாலை திறக்கப்பட்டது. உலங்கூர்தியில் ஏற்றிச் செல்லத்தக்க எடை குறைந்த நாய்களே இன்று பனிமலைகளில் தேடுகின்றன. 2005 முதல் மடத்து நாய்களை மார்த்திஞி நகரில் பாரியின் பெயரால் அமைந்த ஓர் அறநிறுவனம் வளர்த்துவருகிறது. கோடையில் அவை மலைமேல் வந்து தங்குகின்றன. ஒரு நாய்க்கு மட்டும் எப்போதும் பாரி என்ற பெயரே வழங்கிவருகிறது. அமெரிக்காவிலோ, கைவிடப்பட்ட நாய்களைக் காப்பகங்களிலிருந்து எடுத்து மீட்புப் பணிக்குப் பழக்கும் அமைப்பு 1996 முதல் இயங்குகிறது. எவரும் வேண்டாமென்று விட்ட நாய், எவரோ ஒருவரை இடிபாட்டிலிருந்து மீட்கிறது.

நாம் என்ன செய்யலாம்? இறந்த நாய்க்குச் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. உயிரோடிருப்பவற்றுக்கும் அவற்றோடு வாழும் மனிதருக்கும் செய்யத்தக்கது உண்டு. வளர்க்கும் நாய்க்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுவோம். தெருநாய்க்கு உணவிடுவோர், அதற்குக் கருத்தடையும் தடுப்பூசியும் கிடைக்கவும் முயலவேண்டும். நாய் கடித்தால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால்மணி நேரம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ளவேண்டும். நோய் வெளிப்பட்டபின் பிழைப்பது அரிதினும் அரிது. உலகில் வெறிநோயால் நேரும் சாவுகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நம் நாட்டில் நேர்கிறது; அவர்களுள் பலர் சிறுவர்கள். நாயை நேசிப்போர் இதை மறைத்துப் பேசினால், அந்நேசம் அயலாரின் பிள்ளைக்கு ஆபத்தாய் முடியும்.

பிறகு, நம்மோடு வாழ்ந்து மறைந்தவற்றைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம், உண்மையையே சொல்லுவோம். நாயானாலும் மனிதரானாலும், இறந்தோரைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்லும்போது அவர் உண்மையில் செய்தது மறைந்துபோகிறது. கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி ஏற்றும் இந்த மாதத்தில், நம் தாத்தாவும் பாட்டியும் நிகழ்த்திய வீரச் செயல்களைத் தேடவேண்டியதில்லை. நாம் கூப்பிட்டபோதெல்லாம் அவர்கள் எழுந்து வந்தார்கள் என்பதைப் பிள்ளைகள் அறிந்தால் போதும்.